உடைந்தாலும் ஓடுகிற கார்கள்

முதல் பாகத்தில் கார் இடித்தால் கார் கெடும். அதில் குழப்பமே கிடையாது. பக்கவாட்டில் இடித்தால் வண்டி அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். முன்னால் இடித்தால் பானெட் எழும்பி நின்று பாதையை மறைக்கும். ஒரு சக்கரம் கழன்றால் மீதியை வைத்து நொண்டி நொண்டி, கடைசி ஆளாகவாவது முடிவுக் கோட்டைத் தொட்டுவிடலாம். இடித்து நொறுக்குவதற்கென்றே உண்டாக்கிய கார் பந்தய விளையாட்டு அது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துக் குவார்ட்டர்ஸில், அப்பா பால்வெட்டு முடிந்து வந்து உறங்கும் நேரத்தில், டிவி சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துக்கொண்டு, சிடி கீறல் விழுந்து நிற்கும்வரை நான் அதை ஆடினேன்.

அந்தச் சிடியையும், டிவியில் மாட்டுகிற கேம் பெட்டியையும் கொண்டு வந்தது மாமா. அம்மாவின் தம்பி. வளைகுடாவில் ஒரு தண்ணீர் கம்பெனிக்குப் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ரெண்டாம் பாகம் இறங்கிவிட்டது என்று வகுப்பில் ஒருத்தன் சொன்ன நாளிலிருந்து, போனில் மாமாவிடம் நான் வேறெதுவும் பேசியதில்லை. 'சாப்பிட்டீங்களா மாமா' என்று கேட்கச் சொல்லி அம்மா பக்கத்தில் நின்று கையைக் கிள்ளுவாள். கேட்பேன். பதில் வந்து சேர்வதற்குள் ரெண்டாம் பாகத்துக்குப் போய்விடுவேன்.

மாமா வந்தது ஒரு மழைக்காலத்தில். அது அவர் லீவுக்கு வருகிற மாதமே அல்ல. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் ஆளுக்கு முன்னால் பெட்டிதான் கண்ணுக்குத் தெரியும். நைலான் கயிறு சுற்றி, மார்க்கர் பேனாவால் பேரும் ஊரும் எழுதிய அட்டைப்பெட்டி ஜீப்பின் தலையில் ஆடி ஆடி மலையேறி வரும். வீட்டில் பெட்டி பிரிக்கிற அன்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் வந்து நிற்பார்கள். மாமா ஒரு தோள்பையோடு எஸ்டேட் பஸ்ஸில் வந்து இறங்கினார். பைக்குள் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு துண்டு, ரெண்டாம் பாகம். பவுடர் டப்பா இல்லை, பால்பொடி டின் இல்லை, டார்ச் லைட் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் அதெல்லாம் தோன்றவே இல்லை. அம்மா மட்டும் காலிப் பையை வெளியே கொண்டுபோய் உதறிக்கொண்டே நின்றாள்.

அப்படி வருகிறவரிடம் ஊரில் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. எப்பம் வந்தே, எப்பம் போறே. சேர்ந்தே வருகிற இந்த இரண்டு கேள்விக்கும் பஸ் கண்டக்டரிடம் மாமா அடுத்த மாசம் என்றார். டீக்கடையில் ஓணம் கழிஞ்சு என்றார். கோயில் முக்கில் ஒருவரிடம், 'கம்பெனியில இருந்து விளிப்பாங்க' என்றார். மூன்றும் நான் பக்கத்தில் நின்று கேட்டது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது ஒரு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரெண்டாம் பாகத்தைப் போட்ட அன்றே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. படம் பளபளவென்று இருந்தது. கடற்கரை, பாலம், உயர உயரமான கட்டடம், எல்லாம் உண்டு. இடித்தால் கண்ணாடி சில்லு சில்லாகப் பறந்தது. கதவு கழன்று தனியாக ரோட்டில் உருண்டு போனது. ஆனால் கார் ஓடிக்கொண்டே இருந்தது. நான்கு சக்கரத்தில் ஒன்று போன பிறகும் முன்பு போன வேகத்திலேயே நேராகப் போனது. அடியோடு நொறுங்கினால் ஒரு வெளிச்சம் அடித்து, புத்தம் புதிய காராக நடுரோட்டில் கொண்டு வைத்தது. இடிக்கிறதுக்கு ஒரு விளையாட்டு செய்துவிட்டு இடித்தால் ஒன்றும் ஆகாது என்று வைப்பவனுக்கு என்ன புத்தி என்று எனக்கு விளங்கவில்லை. எதிராளிகளும் அப்படித்தான். எத்தனை தடவை உருட்டிவிட்டாலும், திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். முந்தியதற்கு அர்த்தமே இல்லை.

அந்த வகுப்புப் பையன் வந்து பார்த்துவிட்டு, 'இது டூப்ளிகேட்டாக்கும் மக்கா' என்றான். டூப்ளிகேட் என்றால் படம் நிற்கும், சத்தம் கரகரக்கும். இது நன்றாக ஓடியது. ஓடியதுதான் பிரச்சினை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மெதுப்படம். ஒவ்வொரு பெரிய இடிக்கும் பிறகு விளையாட்டு நம் கையிலிருந்து பிடுங்கப்பட்டுவிடும். நடந்த இடியை மேலே இருந்து ஒரு தடவை, பக்கத்திலிருந்து ஒரு தடவை, தரையோடு ஒட்டி ஒரு தடவை, மிக மெதுவாகக் காட்டும். அதைத் தாண்டிப் போக வழியே வைக்கவில்லை. கடைசியில் திரையில் பொன்னிறத்தில் ஒரு ஆங்கில வார்த்தை வந்து மின்னும்.

வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்பா கையெழுத்துப் போடுவார், அதற்குமேல் இல்லை. மாமா எட்டாம் வகுப்போடு கிளீனராகப் போனவர். ஆகவே டிவியில் என்ன எழுத்து வந்தாலும் நான் உரக்க வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும். அது எனக்கு ஒரு பெருமையும்கூட.

"என்னலே எழுதியிருக்கு?" என்று மாமா கேட்டார். பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அருமைன்னு போட்டிருக்கு மாமா."

"எதுக்கு?"

"இடிச்சதுக்கு."

"அருமைன்னு ஆரு சொல்லுகா?"

"கேமுதான் சொல்லுகு" என்றேன். அவர் எழுந்து வெள்ளம் குடிக்க அடுக்களைக்குப் போனார்.

பிறகு கவனித்தேன், மெதுப்படம் ஓடும்போதெல்லாம் மாமாவுக்குத் தாகம் எடுத்தது. இல்லாவிட்டால் வெளியே மழை விட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் கிட்டத்தில் வந்து உட்கார்ந்து, "இத தாண்டிப் போவ ஒரு வழியும் இல்லியா மக்கா?" என்றார். கேம் பெட்டியின் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி எல்லாப் பட்டனையும் மாறி மாறி அமுக்கினார்.

"இல்ல மாமா. நானும் பாத்தாச்சு. நடுவில அசையாம நிறுத்தி வைக்கலாம், தாண்ட முடியாது. முழுசும் பாத்தே ஆவணும்."

"முழுசுமா?"

"மூணு பக்கத்தில இருந்தும். இதாக்கும் இதுல பெரிய குறை."

"பெரிய குறைதான்" என்றார் மாமா.

விளையாட்டின் குறை நிறை தெரிந்த ஒரு ஆள் வீட்டில் கிடைத்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

ஆனால் அவருக்கு ஆடத் தெரியவில்லை. ரிமோட்டைக் கொடுத்தால் காரை இடதுபக்க ஓரத்தில் வைத்து உருட்டிக்கொண்டு போவார். முன்னால் லாரி போனால் அதன் பின்னாலேயே போவார். சிவப்பு விளக்கு வந்தால் நின்றுவிடுவார். பந்தயத்தில் வருகிற மற்றவர்களெல்லாம் பின்னாலிருந்து மோதிச் சிதறி மேலே ஏறிக் கடந்து போவார்கள். மாமா பச்சைக்காகக் காத்திருப்பார். தெருவில் ஒரு மனுஷப் பிறவி கிடையாது, அந்த ஊரில் ஆளையே வைக்கவில்லை. ஆனாலும் வளைவு வந்தால் ஹாரன் பட்டன் எது என்று கேட்பார். ஹாரன் கிடையாது.

கடைசி ஆளாக வந்து சேர்ந்த பிறகு தோல்வி என்று திரை இருண்டது.

"நான் ஒருத்தனையும் தொடல்லியே. செரியாத்தானே போனேன்?"

"இதுல செரியா போனா தோக்கும் மாமா. இடிச்சாத்தான் அடுத்த ஊரு திறக்கும்." முதல் பாகத்தில் இடிக்காமல் ஓட்டுகிறவனுக்குத் தனியாக ஒரு பந்தயம் இருந்தது. இதில் அதை எடுத்துவிட்டார்கள். அந்த அநியாயத்தையும் எடுத்துச் சொன்னேன்.

அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இவ்வளவு அக்கிரமம் நடக்கு, ஒரு போலீசுக்காரன்கூட இல்லியாலே அந்த ஊர்ல?" என்று கேட்டாள். மாமா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார். அம்மாவும் ஏதோ சொல்லக் கூடாததைச் சொன்னவள் மாதிரி உள்ளே போய்விட்டாள். போலீஸ் இல்லாததும் ஒரு குறைதான், அதற்கு எதற்கு இவர்கள் முகத்தை இப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

மழை வலுத்தால் பால்வெட்டு கிடையாது. பட்டையில் வெள்ளம் இறங்கினால் சிரட்டையில் பாலும் தண்ணீரும் சேர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போகும். அப்படி அப்பா வீட்டில் இருந்த ஒரு நாளில், அம்மா மரச்சீனிக் கிழங்கு தோலுரிக்க, அவர்கள் தாழ்ந்த குரலில் பேசியது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"உன் தம்பி மேல ஒரு தப்பும் இல்லேன்னு போலீசே எழுதிக் குடுத்தாச்சுல்லா. குறுக்க சாடினது அவன். பின்ன எதுக்கு இவன் வீட்டுக்குள்ளயே கெடக்கான்?"

"அவனுக்க கண்ணுக்கு முன்னயாக்கும் நடந்தது. உங்களுக்க கண்ணுக்கு முன்ன இல்ல."

"அதுக்குன்னு? வேற என்ன தொழில் தெரியும் அவனுக்கு? வண்டி வளையம் பிடிக்காம எத்தன நாளைக்கு இருக்க முடியும்?"

"பைய பேசுங்க."

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அங்கே மாமாவின் வண்டிக்குக் குறுக்கே ஒருத்தன் பாய்ந்து சாடியிருக்கிறான், மாமா மேல் தப்பில்லை, ஆனாலும் மாமா இனி வண்டி ஓட்டமாட்டேன் என்கிறார். சாடியவன் என்ன ஆனான் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆள் பிழைக்கவில்லை என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என் மனசில், தப்பில்லை என்று சொல்லிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது, ரோட்டில் பழையபடி கொண்டு வைத்துவிடுவார்கள் என்றுதான் இருந்தது.

அப்பா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ரப்பர் ஷீட் எடுக்கிற வியாபாரி ஒருவர் அவருக்குப் பழக்கம். வியாபாரியின் டிரைவர் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். தோட்டங்களில் ஷீட்டை ஏற்றி நாகர்கோவிலில் இறக்க ஆள் வேண்டும். ஒரு காலையில் அவரே பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னால் நிறுத்தினார்.

"லைசென்ஸ் உண்டுல்லா தம்பி? பின்ன என்ன. எப்பம் போறீரு?"

"ரெண்டு மாசம் ஆவும்" என்றார் மாமா.

"அது போதும். அதுவரைக்கும் நம்ம வண்டிய ஓட்டும்." சாவியை டிவி மேல் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

சாவி டிவி மேலேயே இருந்தது. வண்டி மழையில் நின்றது. மாமா ஒருதடவை குடை பிடித்துக்கொண்டு போய், திறந்துகிடந்த கண்ணாடியை வெளியிலிருந்தபடியே கையை விட்டு ஏற்றி வைத்துவிட்டு வந்தார். உள்ளே ஏறவில்லை. அப்பா சாவியைப் பார்ப்பார், மாமாவைப் பார்ப்பார், பிறகு மழையைத் திட்டுவார். அம்மா துடைக்கும்போது சாவியை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று வியாபாரி ஆள் விட்டிருந்தார். இல்லையென்றால் வண்டி வேறு ஆளுக்குப் போகும்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நாகர்கோவிலில் சிடி மாற்றிக்கொடுக்கிற கடை இருக்கிறது. வாசலில் வண்டி நிற்கிறது. மாமா ஓட்டினால் ரெண்டாம் பாகத்தைக் கொடுத்துவிட்டு முதல் பாகத்தின் கீறல் விழாத சிடி ஒன்றை வாங்கிவந்துவிடலாம். இது எவ்வளவு மோசமான விளையாட்டு என்று மாமாவுக்கு முழுதாக நிரூபித்துவிட்டால் அவர் கிளம்பிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைப் பிடித்து டிவி முன்னால் உட்காரவைத்தேன். ஒவ்வொன்றாகக் காட்டினேன். சக்கரம் போன கார் ஓடுவதைக் காட்டினேன். உருட்டிவிட்டவன் பின்னாலேயே வருவதைக் காட்டினேன். மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் மழையில் இருந்தது. பாலத்தின் மேல் ஒரு டாக்ஸியை இடித்தேன். மெதுப்படம் தொடங்கியது. அவர் எழும்பப் போனார். போகவிடக் கூடாது என்று நடுவில் பட்டனை அமுக்கினேன். படம் அசையாமல் நின்றது.

டாக்ஸி அந்தரத்தில் புரண்டு நின்றது. கண்ணாடி முழுக்கப் போய், உள்பக்கம் நேராக எங்களைப் பார்த்து இருந்தது. அப்போதுதான் நானே கண்டேன். டிரைவர் சீட்டில் ஆள் இல்லை.

"மாமா, பாருங்க. இங்க பாருங்க. ஆளையே வைக்கல்ல. முதல் பாகத்தில ஒவ்வொரு காரிலயும் ஹெல்மெட் போட்ட ஆளு உண்டு. இவனுவளுக்கு ஆளை வரையக்கூட மடி, சோம்பேறிப் பயலுவ."

மாமா எழும்பியவர் நின்றார். டிவிக்குக் கிட்டே வந்து முட்டுக்குத்தி உட்கார்ந்தார். விரலை வைத்து அந்த ஜன்னலைத் தொட்டார்.

"எல்லா வண்டியிலயும் இப்படியா?"

"தெரியல்ல மாமா."

"பாரு."

ஒரு லாரியை இடித்து நிறுத்தினேன். காலி. ஒரு பஸ்ஸை இடித்தோம். வரிசை வரிசையாக சீட்டு, ஒருத்தரும் இல்லை. பின்னால் பார்க்கச் சொன்னார். பின்னாலும் இல்லை. சில வண்டிகள் கண்ணாடி உடையாமல் கவிழ்ந்தன. "தெரியல்ல, மறுபடியும் இடி" என்றார். அதுவரை தாண்ட வழி தேடிய மெதுப்படத்தை இப்போது மூன்று பக்கத்திலிருந்தும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அப்பா பக்கத்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "லே, ரெண்டு பேருமா எதைத் தேடுதிய?" என்றார். "குறை பாக்கோம்" என்றேன்.

"நம்ம காரு?" என்று கேட்டார் மாமா.

அதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் காரைச் சுவரில் கொண்டு மோதி நிறுத்தினேன். ஸ்டியரிங் இருந்தது. பிடித்திருக்க ஆள் இல்லை.

"பின்ன ஓட்டுகது ஆரு?"

"நாமதான் மாமா. இங்க இருந்து."

மாமா திரும்பி என் கையைப் பார்த்தார். பிறகு ரிமோட்டுக்குக் கை நீட்டினார். முதல் தடவையாக அவர் இடித்தார். டாக்ஸியை இடித்தார், லாரியை இடித்தார், நிறுத்தியிருந்த வண்டிகளைக்கூடத் தேடிப் போய் இடித்தார். ஆடத் தெரியாத ஆள் என்பதால் எல்லாம் கோணல் மாணலாக விழுந்தன. அருமை, அருமை என்று திரை மின்னிக்கொண்டே இருந்தது. அவர் மெதுப்படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கட்டைவிரல் சிவந்து போயிற்று. அம்மா கையில் அகப்பையோடு வந்து வாசலில் நின்றாள். அடுத்த ஊர் திறந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தபோது நான் வாசித்துச் சொன்னேன். அவர் காதில் விழுந்த மாதிரி இல்லை.

ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டார். டிவி மேலிருந்த சாவியை எடுத்தார்.

நான் நிரூபித்துவிட்டேன் என்று தெரிந்தது. சிடியை உருவிக் கவரில் போட்டு, சட்டைக்குள் செருகி, மழையில் ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி ஏறினேன். மாமா அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருந்தன. என்ஜின் ஓடவில்லை.

"இறங்கு மக்கா."

"சிடி மாத்தணும்லா மாமா."

"அத மாத்தாண்டாம். அது வீட்டிலயே கெடக்கட்டு."

"இவ்வளவு குறை இருக்கே?"

"இருக்கட்டு." அவர் என்னைப் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்துத்தான் சொன்னார். "முதல்ல ஒருக்க வெறும் வண்டியா கொண்டு போயிட்டு வாறேன். இதுல ஆளு ஏறாண்டாம்."

வெறும் வண்டியில் ஒரு ஆள் ஏறினால் என்ன என்று எனக்கு ஒரே வெப்ராளமும் ஆத்திரமும். இறங்கினேன். அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். வண்டி கிளம்பியது. நடந்து போகிறவன்கூட முந்திவிடுகிற வேகத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கி, வளைவில் மறைந்தது. அப்பா உள்ளே வராமல் அங்கேயே நின்றார்.

நான் திரும்ப வந்து சிடியைப் போட்டேன். "சத்தத்தக் கொறலே" என்றாள் அம்மா. குறைத்தேன். போதவில்லை. அவளே வந்து முழுதுமாக அணைத்துவிட்டு ஜன்னலில் போய் நின்றாள். மழை கூரையில் அடிக்கிற சத்தத்துக்குள் அவள் எதையோ பிரித்துக் கேட்க முயல்கிற மாதிரி இருந்தது.

விளக்கு வைக்கும் முன்னே வண்டி வந்துவிட்டது. மாமா இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, முன்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகுதான் வீட்டுக்குள் வந்தார். ஈரச் சட்டையோடு நின்று, "நாளைக்கு ஷீட்டு ஏத்தலாம்னு சொல்லுங்க அத்தான்" என்றார். அப்பா, "செரி மாப்பிளே" என்றார், அவ்வளவுதான். அம்மா டீ போடப் போனாள். சீனி டப்பாவைத் திறக்க அவளுக்கு அன்றைக்கு வெகுநேரம் ஆயிற்று.

நான் டிவி முன்னாலிருந்து நகரவில்லை. சத்தமே இல்லாமல் ஒவ்வொரு காராக இடித்து, நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை குறையுள்ள ஒன்றை மாற்ற மாமாவுக்கு ஏன் மனசு வரவில்லை, அப்படி இதற்குள் அவர் என்ன கண்டார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சீட்டு இருந்தது. ஸ்டியரிங் இருந்தது. வேறொன்றும் இல்லை.